ஏழைப் படங்களின் பேய்கள்

பேய்ப் படம் பார்ப்பதைத் தம் மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் தமிழாசிரியர் அரியர். பரணி நூலைக் கையில் எடுத்தால், பேய்கள் கூழ் அடும் களத்தை அவரே மணிக்கணக்கில் வருணிப்பார். காரைக்காலம்மையார் பேயுரு வேண்டிப் பெற்ற வரலாற்றைக் கண் கலங்கக் கூறுவார். ஆயினும் அதே பேய் வெள்ளித்திரையிலே, அதுவும் மலிவான படமொன்றிலே, தலைகாட்டி விட்டால் ‘பாமரர் பொழுதுபோக்கு’ என்று முகஞ் சுளித்து ஒதுக்கிவிடுவார். இந்த ஒதுக்கலில் எனக்கு உடன்பாடு இல்லை. குறைந்த செலவிலே எடுக்கப்பட்ட பேய்ப் படங்களையும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் நெடுங்காலமாகத் தேடிப் பார்த்து வருபவன் நான். அவற்றுட் பெரும்பாலானவை குப்பை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்குப்பையினுள்ளே கிடக்கும் ஒரு சில மணிகள், கோடிக்கணக்கில் டொலரைக் கொட்டி எடுத்த படங்கள் சொல்லத் துணியாதவற்றைச் சொல்லியிருக்கின்றன என்பதே என் கட்சி.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைக் குறித்தார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. பேயையும் புலியையும் திருடனையும் வரிசையாக நிறுத்திவிட்டு, அவற்றின் அருகே நம்மை ஆளும் அதிகாரத்தையும் கொண்டுவந்து நிறுத்திய அந்த நுண்ணறிவை நான் வியக்காத நாளில்லை. நான் மதிக்கும் பேய்ப் படங்களிற் சில, அணங்கிலே தொடங்கி, நாம் எதிர்பாராத வேளையில் அந்த நான்காவதிலே வந்து நிற்கின்றன.

1942 ஆம் ஆண்டில் ஆர்.கே.ஓ. என்னும் அமெரிக்கப் படநிறுவனம் பணமுடையில் இருந்தது. ஓர்சன் வெல்ஸ் எடுத்துக் கொடுத்த பெரும் படங்கள் புகழைத் தந்தனவேயன்றி வசூலைத் தரவில்லை. மலிவான பேய்ப் படங்களால் நட்டத்தை ஈடு செய்யலாம் என்று எண்ணிய நிறுவனத்தார், வால் லூட்டன் என்பவரை அப்பணிக்கு அமர்த்தினர். படமொன்றுக்கு ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேற் செலவிடலாகாது. எழுபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஓடலாகாது. படத்தின் பெயரை நிறுவனமே தரும். இவை அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள். முதலிற் பெயர் பிறந்து பின்னரே பிள்ளை பிறக்கும் விந்தை அது!

அவ்வாறு முதலிற் கிடைத்த பெயர் ‘கட் பீப்பிள்’. பூனை மாந்தர் எனலாம். இத்தகைய பெயரைக் கொடுத்தால் வேறொருவர் நடிகைக்குப் பூனைத் தோலைப் போர்த்தியிருப்பார். லூட்டனும் நெறியாளர் ஜாக் ரூர்னரும் அதைச் செய்யவில்லை. சேர்பிய நாட்டிலிருந்து நியூயோர்க்குக்கு வந்த இளம் பெண்ணொருத்தி, தன் உள்ளத்தில் ஆசையோ சினமோ மூண்டால் தான் சிறுத்தையாக மாறிவிடுவாள் என்று நம்புகிறாள். கணவனைத் தீண்டவும் அஞ்சுகிறாள். அவள் வசிக்கும் கட்டடத்தின் அகன்ற படிக்கட்டு, வெல்ஸின் படம் ஒன்றுக்காகக் கட்டிப் பின் கைவிடப்பட்டது. பணக்காரன் வீட்டுப் பழம்பொருளை ஏழை வாங்கிப் புழங்குவது போல அதனைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அந்தப் படத்திலே ஒரு காட்சி. இரவு நேரம். கணவனுடன் வேலை செய்யும் மற்றொரு பெண் பூங்கா மதிலோரமாகத் தனியே நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் வேறொரு காலடி ஓசை. தெருவிளக்கின் ஒளி வட்டத்துக்கும் அடுத்த ஒளி வட்டத்துக்கும் இடையே இருள். திடீரென்று பின்னால் வந்த காலடி ஓசை நின்றுவிடுகிறது. இசையில்லை, பேச்சில்லை. நடப்பவளின் பாதணி ஓசை மாத்திரம் விரைகிறது. அடுத்த கணம் விலங்கொன்று சீறுவது போன்ற ஒலி நம் செவியைத் தாக்குகிறது. வந்து நிற்பது ஒரு பஸ் வண்டி. அவ்வளவுதான். சிறுத்தை அங்கே தோன்றவேயில்லை. எனினும் அதைத் தாம் கண்டதாகச் சத்தியம் செய்யும் பார்வையாளரை நான் அறிவேன்.

இதில் நமக்குப் புதுமை என்ன இருக்கிறது? வட்டக்களரியில் நம் கூத்தர் ஆடும்போது அங்கே மலையுமில்லை, மாளிகையுமில்லை. ஆட்டத்தாலும் பாட்டாலும் அண்ணாவியாரின் மத்தள ஒலியாலும் குருக்ஷேத்திரம் முழுவதும் சபையோர் கண்ணெதிரே விரிகிறது. திரைச்சீலையும் தீந்தையும் வாங்கப் பணமில்லாத இடத்தில் காண்போரின் மனமே அரங்கை நிரப்புகிறது. லூட்டன் செய்ததும் அதுவே. ஆனால் அவருடைய முதலாளிகளுக்கு இது விளங்கவில்லை. காசு கொடுத்து வருபவனுக்குச் சிறுத்தையைக் காட்டத்தான் வேண்டும் என்று வற்புறுத்தி, பிறிதொரு காட்சியிலே மெய்யான சிறுத்தை ஒன்றைப் புகுத்தினார்கள். அந்த இடத்தில்தான் படம் சற்றுத் தளர்கிறது.

அடுத்த ஆண்டு, 1943 இல், அதே இருவர் ‘லெப்பேட் மான்’ என்ற படத்தை எடுத்தனர். முழுப் படமும் சிறந்ததென்று சொல்லமாட்டேன், இடையிடையே தடுமாறுகிறது. அதன் தொடக்கத்தில் வரும் பத்து நிமிடங்களை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. தப்பியோடிய சிறுத்தையொன்று ஊரிலே திரிகிறது. வறிய வீடொன்றில், மா வாங்கி வரும்படி மகளை இரவிலே கடைக்கு அனுப்புகிறாள் தாய். பெண் பயந்து மறுக்கிறாள். வெறுங்கையோடு திரும்பினால் உள்ளே விடமாட்டேன் என்று தாய் கதவைச் சாத்துகிறாள். பின்னர் கதவுக்கு வெளியே பெண்ணின் அலறல். முதலில் அதனை நடிப்பு என்றெண்ணிய தாய் பிறகு பதறிப்போய்த் திறக்க முயல்கையில் தாழ் இறுகிப் போயிருக்கிறது. நாம் வீட்டினுள்ளே தாயோடு நிற்கிறோம். கதவின் அடியால் இரத்தம் ஒழுகி வருகிறது. வெளியே நடந்தது எதனையும் படம் நமக்குக் காட்டவில்லை. கொடிய விலங்கைப் பற்றிய அச்சம், மூடிய கதவைப் பற்றிய அச்சமாக, மூடியவளின் குற்றவுணர்வாக மாறிவிட்டது. இதனைச் சிறுகதையாக எழுதியிருந்தால் நம் இலக்கிய வட்டத்தார் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

இனிக் குப்பையின் பக்கம் வருவோம். 1953 இல் வெளிவந்த ‘ரோபோ மொன்ஸ்ரர்’ என்ற படத்தில், சந்திரனிலிருந்து வந்து மனித குலத்தை அழிக்கும் இயந்திர மனிதன் வேண்டியிருந்தது. இயந்திர உடை செய்யப் பணமில்லை. ஆனால் நடிகர் ஒருவரிடம் சொந்தமாகக் குரங்கு உடை ஒன்று இருந்தது. அதன் மேல் விண்வெளித் தலைக்கவசம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள். இயந்திர மனிதன் தயார். நான்கே நாளில் படமும் முடிந்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தவன்தான். எனினும் இத்தகைய படங்களில் என்னை வருத்துவது குரங்கு உடையன்று, சலிப்பு. நேரத்தை நிரப்புவதற்காக ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். மோட்டார் வண்டி போய்க்கொண்டே இருக்கும். விஞ்ஞானி என்று சொல்லப்படுபவர் கரும்பலகை முன்னின்று பேசிக்கொண்டே இருப்பார். ஏழ்மையை மன்னிக்கலாம். சொல்வதற்கு ஒன்றுமில்லாதவன் பேசிக்கொண்டிருப்பதை எப்படி மன்னிப்பது?

‘பிளான் நைன் ஃபுரொம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற படத்தின் கதை இன்னும் பிரசித்தம். அதனை எடுத்த எட் வுட், ஒரு காலத்தில் டிராகுலாவாக உலகை நடுங்கவைத்த பேலா லுகோசியை மிகவும் நேசித்தவர். முதியவராகி, வேலையின்றி, போதைப் பழக்கத்தினால் நலிந்திருந்த லுகோசியை வைத்துச் சில அடி படம் பிடித்திருந்தார். 1956 ஆகஸ்ட் மாதத்தில் லுகோசி காலமானார். வுட் மனந் தளரவில்லை. உருவ ஒற்றுமை சிறிதுமில்லாத வேறொருவரை, மேலங்கியால் முகத்தை மறைத்தபடி நடக்கச் செய்து மீதியை முடித்தார். பறக்குந் தட்டுகள் நூலில் ஆடுவது கண்ணுக்குத் தெரியும். 1978 இல் வுட் வறுமையில் இறந்தார். 1980 இல் வெளியான புத்தகமொன்று அவரது படத்தையே உலகின் மிக மோசமான படமென அறிவித்தது. அன்று தொடங்கியது ஒரு புது நாகரிகம். மோசமான படங்களைக் கூட்டமாகக் கூடிப் பார்த்துக் கேலி செய்வதே அது.

இக்கேலியை நான் வெறுக்கிறேன். அது படத்தைப் பார்ப்பதன்று, தம்மையே பார்த்து மெச்சிக்கொள்வது. எட் வுட்டிடம் திறமை இருக்கவில்லை, உண்மை. ஆனால் இறந்துபோன நண்பனை இன்னுமொரு முறை திரையில் நடமாட வைக்க வேண்டும் என்ற தவிப்பு அந்தப் படத்தின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. சிரிப்பவனுக்கு அது தெரிவதில்லை. கேலிப் பழக்கத்தின் பெருந் தீங்கு வேறொன்று. நூல் தெரிகிறதா என்று தேடும் கண், நல்ல படத்திலும் நூலையே தேடுகிறது.

தமிழருக்கும் இத்துறையில் ஒரு சிறு பங்குண்டு. 1952 இல் சேலம் மொடேர்ண் தியேட்டர்ஸ் அதிபர் ரி. ஆர். சுந்தரம், அமெரிக்க நெறியாளர் வில்லியம் பேர்க்குடன் சேர்ந்து ‘காடு’ என்ற படத்தைத் தயாரித்தார். றொட் கமரன், சீசர் றொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய ஹொலிவூட் நடிகர்கள் வந்து நடித்தனர். யானைகள் ஏன் வெருண்டோடுகின்றன என்று ஆராயப் புறப்பட்டவர்கள், உலகிலிருந்து என்றோ மறைந்துபோன மயிரடர்ந்த மாமத யானைகளைக் காட்டின் நடுவே காண்கிறார்கள். நம் சாதுவான யானைகளே மயிர்ப் போர்வை தரித்து அந்த வேடத்தை ஏற்றன! 1963 இல் காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்தார் பறக்குந் தட்டில் வந்தனர். மேனாட்டுப் படங்களில் வருபவர்கள் பூமியை அழிக்க வருவார்கள். இவர்களோ சங்கீதம் கற்பிக்க ஓர் ஆளைத் தேடி வந்தார்கள். தமிழன் கற்பனை செய்தால் வேற்றுக் கிரகத்திலும் கச்சேரிக்குத்தான் குறை இருக்கும் போலும்.

ரோஜர் கோர்மனைக் கூறாமல் விட முடியாது. 2024 இல் தொண்ணூற்றெட்டு வயதிற் காலமான இவர், 1960 இல் ‘லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்’ படத்தின் பெரும் பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்தவர். கொப்போலா, ஸ்கோர்சேசி முதலியோர் இளைஞராயிருந்த காலத்தில் அவர்களுக்கு வாய்ப்பளித்தவர் என்ற பெருமையும் இவருக்குண்டு. ஆயினும் இவர் படங்களிற் பலவற்றில் வேகமே கலையாகிவிடுகிறது. இரசிக்கிறேன், நினைவில் நிற்பதில்லை.

நினைவில் நிற்பது 1956 இல் டொன் சீகல் எடுத்த ‘இன்வேஷன் ஒஃப் த பொடி ஸ்னாச்சர்ஸ்’. விண்ணிலிருந்து விழுந்த விதைகளிலிருந்து பெருங் காய்கள் விளைகின்றன. ஊரவர் உறங்கும்போது, காயினுள்ளே அவரைப் போன்ற மற்றொருவர் உருவாகிவிடுகிறார். காலையில் எழுந்திருப்பவருக்கு அதே முகம், அதே குரல், அதே ஞாபகம். அன்பு மாத்திரம் இல்லை. செலவு மிகுந்த தந்திரக் காட்சிகள் அதிகமில்லை. ஒரு சிற்றூரும் சில இறப்பர்க் காய்களும் போதுமாயிருந்தன. இது கம்யூனிஸ்டுகளைச் சாடிய படம் என்பர் சிலர். கம்யூனிஸ்டு வேட்டையாடிய அமெரிக்க அதிகாரத்தைச் சாடியது என்பர் வேறு சிலர். அந்த வழக்கில் நான் புகவில்லை. நேற்றுவரை முற்றத்தில் நின்று கதைத்த அயலவர், அதே முகத்தோடு, ஒரே இரவில் வேறொருவராகிவிட்டதை 1958 இலும் 1983 இலும் கண்டவர்கள் வாழும் நாட்டில், இப்படத்தை வெறும் விஞ்ஞானக் கற்பனையாக என்னாற் பார்க்க முடியவில்லை. தயாரிப்பாளர்கள் அஞ்சினார்கள். கதாநாயகன் நெடுஞ்சாலையில் நின்று கேட்பாரற்றுக் கத்துவதோடு முடியவேண்டிய படத்துக்கு, அவன் சொல்வதை அதிகாரிகள் நம்பிவிடுவதாக ஒரு வாலை ஒட்டச் செய்தனர். அந்த வாலை நீக்கிவிட்டுத்தான் நான் அதை நினைவில் வைத்திருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு நான் சிறப்பாகச் சிபாரிசு செய்வது 1962 இல் வெளியான ‘கார்ணிவல் ஒஃப் சோல்ஸ்’. ஹேர்க் ஹார்வி என்பவர் கன்சாஸ் மாநிலத்தில் லோறன்ஸ் என்ற ஊரிலே, பாடசாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அறிவுரைப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். மோட்டாரில் ஊர் திரும்பும் வழியில், யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பேரிக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த கேளிக்கை மண்டபமொன்றைக் கண்டார். அதனைச் சுற்றி ஒரு கதை பிறந்தது. முப்பதினாயிரம் டொலரளவில், சில வாரங்களில் படம் முடிந்தது. கதைப் படமென்று அவர் எடுத்தது வாழ்நாளில் இது ஒன்றே.

பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த மோட்டாரிலிருந்து ஒரு பெண் மட்டும் தப்பி எழுகிறாள். வேறூர் சென்று தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் வேலையை ஏற்கிறாள். வெளிறிய முகமொன்று அவளைத் தொடர்கிறது. அந்த முகத்துக்குரியவராக ஹார்வியே நடித்திருக்கிறார். ஆனால் அச்சம் அந்த முகத்தில் இல்லை. ஒரு நாள் அவள் கடையிலே உடையணிந்து பார்த்துவிட்டு வெளியே வருகிறாள். யாருக்கும் அவள் தென்படவில்லை. பேசுகிறாள், ஒருவர் செவியிலும் விழவில்லை. நகரத்தின் ஒலி முழுவதும் அற்றுப்போய்விட்டது. பிறகு மரத்திலே ஒரு பறவை கூவ, உலகம் மீண்டும் அவளுக்குக் கேட்கிறது. ஒலிப்பதிவை நிறுத்துவதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு சதமும் இல்லை. தன்னைச் சூழ்ந்தவர்களின் நடுவே தான் இல்லாதவளாகிவிட்ட ஒருத்தியின் நிலையை இதனிலும் கூர்மையாகச் சொன்ன படம் வேறொன்றை நான் கண்டதில்லை. நடிப்பு சில இடங்களில் மரமாக இருக்கிறது. உதட்டசைவும் குரலும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடங்கள் உண்டு. ஆனால் அந்தப் பொருந்தாமைகூட அவளது தனிமைக்குத் துணைசெய்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. வெளியான காலத்தில் இப்படத்தைக் கவனித்தவர் சிலர். 1989 இல் மறுபடி திரையிட்ட பின்னரே இதன் பெருமை பரவியது.

1968 ஆம் ஆண்டில், பிற்காலத்தில் கொழும்பிலேயே வாழ்ந்து மறைந்த ஆதர் சி. கிளார்க்கும் ஸ்ரான்லி குப்ரிக்கும் சேர்ந்து படைத்த ‘2001’ வெளிவந்தது. அதற்கான செலவு ஒரு கோடி டொலருக்கு மேல். அதே ஆண்டு ஒக்ரோபரில் பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ வந்தது. செலவு ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் டொலர். விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜோர்ஜ் ரொமேரோவும் அவரது தோழர்களும் தம் கைப்பணத்தையும் போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இரத்தத்துக்குச் சொக்கலேற் பாகு. அரண்மனை போன்ற முன்னதை நான் வணங்குகிறேன். உறக்கத்தைக் கெடுத்தது பின்னதே.

இறந்தவர்கள் எழுந்து உயிருள்ளவரைத் தின்ன வருகிறார்கள். பண்ணை வீடொன்றினுள் ஏழு பேர் அடைபடுகின்றனர். அவர்களுள் நிதானமும் துணிவும் உடைய பென் என்பவன் கறுப்பன். அவ்வேடத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் பிற்காலத்தில் கல்லூரியில் நாடகத்துறையை நடத்தியவர். அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் அவர் நன்றாக நடித்துக் காட்டியதே என்று ரொமேரோ சொல்லிவந்தார். படத்திலே எவரும் பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆனால் அறைக்குள் நடக்கும் தகராறு ஒவ்வொன்றிலும் பார்ப்பவனுக்கு அது உறுத்துகிறது. மேல் மாடத்தைக் காப்பதா, நிலவறையில் ஒளிவதா என்று உள்ளேயிருப்பவர்கள் சண்டையிட்டே மாய்கிறார்கள். இரவு முழுதும் பிணங்களிடமிருந்து தப்பிய பென், விடிந்ததும் சன்னலோரம் வந்து பார்க்கிறான். துப்பாக்கி ஏந்திய ஊர்க்காவற் கூட்டம் அவனையும் பிணமென்று எண்ணி, ஒரு கணமும் யோசியாது சுட்டுவிடுகிறது. பின்னர் கமரா அசைவதில்லை. பத்திரிகைப் படங்களைப் போன்ற அசைவற்ற படங்கள் வரிசையாக வருகின்றன. இறைச்சிக் கொளுக்கிகளால் அவனை இழுத்துச் செல்கிறார்கள், தீயில் இடுகிறார்கள்.

இங்கேதான் தொல்காப்பியரின் நான்காவது நிலைக்களன் வந்து நிற்கிறது. அணங்கிடமிருந்து தப்பியவன் இறையிடம் மாண்டான். முடித்த படத்தை விற்பதற்காக நியூயோர்க்குக்கு எடுத்துச் சென்ற இரவிலேயே, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை மோட்டார் வானொலியில் கேட்டதாக ரொமேரோ கூறியிருக்கிறார். பெருநிறுவனம் ஒன்று பணம் போட்டிருந்தால் இந்த முடிவை அனுமதித்திருக்குமா? சீகலின் படத்துக்கு ஒட்டப்பட்ட வாலை நினைத்துப் பார்க்கிறேன். ரொமேரோவிடம் கத்தரிக்கோலோடு வந்து நிற்க எவரும் இருக்கவில்லை. அவருடைய வறுமையின் ஊதியம் அதுவே.

பின்வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1999 இல் ‘பிளெயர் விச் புரொஜெக்ட்’ ஒரு பேயையும் காட்டாமல் உலகை அச்சுறுத்திப் பெரும் பணம் குவித்தது. அதன் பின் நடுங்கும் கமராவும் மங்கிய ஒளியும் ஒரு வேடமாகிவிட்டன. பணக்காரன் விரும்பிப் போட்டுக்கொண்ட கந்தை அது. 2004 இல் ஷேன் கரூத் ஏழாயிரம் டொலரில் எடுத்த ‘பிரைமர்’ என்ற காலப் பயணப் படம் விதிவிலக்கு. அதனை மூன்று முறை பார்த்தும் முழுவதும் விளங்கிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் நான்காம் முறையும் பார்ப்பேன்.

ரொமேரோவின் படத்துக்கு நேர்ந்த ஒரு விபத்தையும் சொல்லவேண்டும். வெளியிட்டவர்கள் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பைப் புதிய தலைப்பில் இடாது விட்டுவிட்டார்கள். அக்கால அமெரிக்கச் சட்டப்படி படம் அன்றே பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பெரும் பணம் சேரவில்லை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், எங்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்றாகி, நள்ளிரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சியிலும் ஓடி ஓடி அது உலகமெங்கும் பரவியது. 1999 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் வரிசையில் அதனைச் சேர்த்தது. இன்றும் எவரும் காசின்றிப் பார்க்கலாம். பள்ளியின் திரையிலே மாணவரோடு பார்த்தாலும் கேட்பாரில்லை. அந்தக் கடைசிப் படங்கள் ஓடும்போது மட்டும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள்.